இடது கண்

நேற்று சாயங்காலம் கோவில்பட்டியில் மழை தூறி, ஜன்னல் வழியாகக் கரிசல் மண் வாசம் வந்தபோது டிவியில் அந்த நடிகருக்குப் பாராட்டு விழா ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷமாக வில்லனாக நடித்தவர், படங்களும் இயக்கியவர், கறுப்புக் கண்ணாடி போட்டு மேடையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாசம் எனக்குப் பசுவந்தனை டூரிங் கொட்டகையின் வாசம். புழுதி அடங்க ஆட்டத்துக்கு முன்னால் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், ஈரமண் பாவாடையெல்லாம் அப்பும், அவர் திரையில் வந்தாலே பெண்கள் பக்கத்தில் அந்த மண்ணை வாரித் தூற்றி ஏசுவார்கள். ஏழு வயசில் நானும், அவர் ஒரு குடிசைக்குத் தீ வைத்த ஆத்திரத்தில், மண்ணை உருண்டையாக்கி எறிந்தேன். அது அவர் இடது கண்ணில் போய் ஒட்டியது.

அடுத்து வந்தது அவரே இயக்கிய முதல் படம். அதில் அவருக்கு இடது கண் இல்லை.

"ஏட்டி, நீ எறிஞ்ச மண்ணுலதான் கண்ணு போயிருக்கு. குனிஞ்சு உக்காரு, தேடுதான்" என்றாள் அக்கா.

படம் முடியும்வரை அந்த ஒற்றைக் கண் எங்கள் பக்கமே பார்த்தது. பிறகு இரண்டு கண்ணோடு அவர் வந்த படங்களையெல்லாம், "அது முன்னாடியே எடுத்தது" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. விழாவில் அவர் நடிப்பைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். என் அளவுக்கு அதை நம்பியவர்கள் அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கடைசியில் பேச எழுந்த அவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார்.

டிவிக்கு நேரே இருந்த என் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்திக்கொண்டேன்.