முழங்காலுக்கு ஒரு குளிர் அறை

மகளின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மணவறையில் எனக்கும் அவள் அப்பாவுக்கும் கதிரை போடலாம் என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளைத் தாரை வார்க்கும் நேரத்தில், சாப்பிட வந்த விருந்தாளி மாதிரிக் கதிரையிலா உட்காருவேன்? தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அந்த ஒற்றைக்கால்கூட வலித்தது. முழங்கால் வாதம் வந்ததிலிருந்து நான் தரையில் உட்கார்ந்ததே இல்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த அந்த இடத்தை மகள்தான் கண்டுபிடித்தாள். ரக்பி விளையாடும் பையன்கள் அடிபட்ட உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போகும் இடம். உடம்பு முழுவதையும் உறைய வைக்கிற மாதிரி ஓர் அறை அங்கே இருக்கிறதாம். பன்வில மலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்குக் குளிரைக் காட்டக் காசு வாங்குகிறார்களா என்று கேலி செய்தேன். ஆனாலும் வீட்டுக்காரரோடு போனேன்.

அங்கே வேலை செய்த முஸ்லிம் பிள்ளை என் முழங்காலைத் தொட்டதும் சிரித்துவிட்டாள். புறப்படும்போது வழக்கம்போல வாத எண்ணெயை வழிய வழியத் தேய்த்திருந்தேன்.

"எண்ண, ஈரம் ஒன்டும் இரிக்க ஏலா அன்ட்டி. குளிரே தோல சுட்டுப்போடும்," என்று துடைத்துவிட்டாள். நகைகளையும் கழற்றச் சொன்னாள்.

தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு தயங்கினேன்.

"கழட்டிக் குடு. நான்தான் குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கிறேனே," என்றார் வீட்டுக்காரர்.

காலுறை, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். பூச்சியத்துக்கும் கீழே நூற்றுப்பத்துப் பாகை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்புறம்தான் அது வந்தது. காற்று இல்லை, ஈரம் இல்லை, குளிர் மட்டும் நாலு பக்கமும் நின்றது. எனக்குத் தெரிந்த பனிக்காலமெல்லாம் இதன் பக்கத்தில் வெயில்தான். கைமயிரில் வெள்ளை பூத்தது. மகள், மாப்பிள்ளை, மண்டபம் எல்லாம் நினைவிலிருந்து போய், நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பிள்ளை பெற்று, நாளெல்லாம் நின்று உழைத்துத் தேய்ந்த இந்த உடம்பு, அவ்வளவு குளிருக்குள்ளும் விடாமல் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. அதை நான் ஒருநாளும் இப்படி மதித்ததில்லை. கைகூப்பத் தோன்றியது.

மூன்று நிமிடத்தில் கதவைத் திறந்தார்கள். வெளியே வந்ததும் இரத்தம் தோலுக்குத் திரும்பி ஓடுவது எறும்பு ஊர்வது போல் தெரிந்தது. முழங்கால் இருப்பதே தெரியவில்லை.

யாரிடமும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வலிக்கவில்லை. வீட்டுக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பிள்ளை பதறிப்போய் வந்தாள். "அன்ட்டி, இது நெடுக நிக்காது. ரெண்டு மூணு மணித்தியாலம்தான். பொறகு நோவு வந்துடும்."

"அது போதும்மா. கல்யாணத்தன்னிக்கிக் காலையில வந்துர்றேன்," என்றேன். "ஒரு பொண்ணக் கட்டிக் குடுக்க அவ்வளவு நேரம் ஆகாது."

சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.