கவ்விக்கினு போன முதலை

தொண்ணூறுகளின் நடுவில் கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்தேன். விக்கிரவாண்டியிலிருந்து தினமும் பஸ். கையில் எம்.எஸ்ஸி., வாயில் அதைவிடப் பெரிய பேச்சு. யாராவது ஒரு பூச்சியைப் பற்றிப் பேசினால்கூடக் குறுக்கே விழுந்து திருத்துவேன்.

அணை திறந்த ஒரு மழைக்காலத்தில் தென்பெண்ணை வெள்ளத்தோடு வந்த முதலைகள் இரண்டு, ஊருக்குக் கீழே இருந்த மடுவில் தங்கிவிட்டன. பெரியது கோடையில் எங்கோ போய்விட்டது. மற்றது எட்டடி இருக்கும், மீனைத் தின்றுகொண்டு தன்பாட்டுக்குக் கிடந்தது. வெயிலில் அது வாயைப் பிளப்பது சூடு தணியத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதைப் பற்றி நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம், மடுவோரம் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், மொதல கரையில மண்ணத் தோண்டி, அதோட குட்டிய கவ்விக்கினு மடுவாண்ட போவுது சார். பூனை மாரியே!"

கூட நின்றவர்கள் எதிரிலேயே நான் சிரித்தேன். "கவ்விக்கினு போவலம்மா, தின்னுது. அதுக்கு ஏது தாய்ப்பாசம்? மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தணும்."

நான் சொன்னால் ஊர் கேட்கும். கல்லையும் பட்டாசையும் வீசி முதலையைத் தண்ணீருக்குள் விரட்டினார்கள். முட்டை இருந்த இடத்தின் மேல் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து குவித்தோம். எங்கே சந்து இருக்கிறது என்று பார்த்து அடைக்கச் சொன்னது நான்தான். முதலை மூன்று முறை கரையேறி முள் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும் அடித்து விரட்டினோம். நான்காம் நாள் வரவில்லை. உயிர்களைக் காப்பாற்றிய பெருமையோடு பஸ் ஏறினேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, திண்டிவனத்துக்கு மாற்றலான பிறகு, பிள்ளைகளைக் கடற்கரைச் சாலையில் ஒரு முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பணியாள் சாதாரணமாகச் சொன்னார். குட்டிகள் முட்டைக்குள் இருந்தே குரல் கொடுக்குமாம். இறுகின மண்ணை அவற்றால் உடைக்க முடியாதாம். குரல் கேட்டுத் தாய்தான் தோண்டும். பல் படாமல் வாயில் எடுத்துப்போய்த் தண்ணீரில் விடும். பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். படித்தவன் என்ற திமிர், வேறென்ன.

மறு ஞாயிறே அந்த ஊருக்குப் போனேன். தலை நரைத்திருந்தாலும் அந்த அம்மா அதே கரையில்தான் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுதாம்மா சரி. நான்தான் தப்பு," என்றேன்.

அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"தெரியும் சார். முள்ளு போட்டப்புறம் ரெண்டு நாளு மண்ணுக்குள்ள கத்திக்கினே இருந்துதுங்க. உங்கள்ட்ட சொல்லத்தான் ஸ்கூல் கேட்டு வரைக்கும் வந்தேன். மறுபடியும் எல்லார் எதிர்லயும் சிரிப்பீங்களேன்னு திரும்பிப் போயிட்டேன்."