கூமுட்டை

கடையில் விற்கும் வெள்ளை முட்டையில் கரு வளராது. என் ஆராய்ச்சிக்குச் சேவலோடு திரிந்த நாட்டுக்கோழியின் முட்டைதான் வேண்டும். ஞாயிறுதோறும் திருப்புலிவனம் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரு டப்பா முட்டையை உமியில் புதைத்து, உத்திரமேரூரில் பஸ் பிடித்துச் சென்னை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே அவற்றை இளஞ்சூட்டில் வைத்து, கரு பிடித்ததும் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, ஒரு சொட்டு பெப்டைடு விடுவோம். பெப்டைடு என்றால் பெரிய சங்கதி இல்லை, புரதத்தின் குட்டித் துண்டு. அது வேலை செய்தால் கருவைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகக் கிளைவிடும். செய்யாவிட்டால் மாதக்கணக்கான உழைப்பு குப்பைக்கூடைக்கு. பெரும்பாலும் குப்பைக்கூடைதான். அதிலும் பாதி முட்டை கரு பிடிக்காத கூமுட்டையாக இருந்து கழுத்தறுக்கும்.

இதற்கு நடுவில் நைனாவுக்குக் காலில் புண். பதினைந்து வருஷச் சர்க்கரை. செருப்பில்லாமல் கழனியில் இறங்கி முள் குத்திக்கொண்டு, அதையும் பத்து நாள் மறைத்துவைத்தார் மனுஷர். பெருவிரலுக்கு ரத்தமே போகவில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான்.

"நீ பண்ணிக்கினு கீற மருந்து ரத்தக் கொயாய் வளர்றதுக்குத்தானே? கோயி முட்டைக்கு வுடுற, பெத்தவனுக்கு ஒரு சொட்டு வுட மாட்டியா?"

"அது மனுசங்களுக்கு இன்னும் வர்ல நைனா. வளரக் கூடாத எடத்துல வளந்துட்டா இன்னா பண்றது? மொதல்ல மாத்திரைய ஒயுங்கா போடு."

நூறு தடவை சொல்லியிருப்பேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில வியுமாம் துள்ளி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த எரிச்சலில் கத்திவிட்டேன்.

"மொதல்ல கூமுட்ட இல்லாம முட்ட குடுங்க. அப்புறம் மருந்து கேளுங்க."

அடுத்த மாதம் விரல் கறுத்துப்போனது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். முட்டைக்குள் காட்டுகிற வித்தையை ஒரு காலுக்குக் காட்டத் துப்பில்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். பட்டப்பகலில் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருட்டில், கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, நைனா ஒவ்வொரு முட்டையாக செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் அடைவைத்த முட்டைகள். ஒன்றை என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார். ஓட்டுக்குள் சிவப்பு நரம்பு படர்ந்திருந்தது.

"கூமுட்டையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டேன். இதுல எல்லாத்துலயும் ரத்தம் ஓடுது."

பழைய வேட்டியில் சுற்றி என் மடியில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"பஸ்ஸு மூணு மணி நேரம் நைனா" என்றேன்.

"அப்ப சூடு ஆறதுக்குள்ள கெளம்பு. இன்னும் ஒம்போது வெரலு கீது."