முழங்கையில் தொங்கிய வலை

எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, என் கைக்குள் ஒரு துடுப்பு இருப்பதைக் கண்டேன். மேற்கை எலும்பு உருண்டையாக இறங்கி வந்து, முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாக விரிகிறது. விரிந்த அந்த இடத்தில்தான் முறிவு. வாவிக்கரைப் பாசிப்படியில் வழுக்கி, இடது முழங்கை அடிபட விழுந்திருந்தேன்.

பகலில் கணிதம் படிப்பிக்கிறவன் நான்; பின்னேரங்களில் வாவியில் வலை வீசுகிறவன். வலையின் ஒரு மடிப்பை இடது முழங்கையில் தொங்கவிட்டு, உடம்பைச் சுழற்றி எறிவோம். எறியும்போது அந்தக் கை நீள வேண்டும். நீண்டால்தான் வலை நழுவி வட்டமாக விரியும். கரும்பலகையில் எழுத வலது கை போதும். எனக்கு வேண்டியிருந்தது அந்த வட்டம்.

சத்திரசிகிச்சைக்காகக் கை மரத்துப்போக ஊசி போட்டபோது, அந்தக் கையே என்னைவிட்டுக் கழன்று தண்ணீரில் மிதந்து போனது. பயமே வரவில்லை. அரைத்தூக்கத்தில், கரையோரக் கண்டல் மரங்களின் நிழல்களுக்கிடையே அதன் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். விழித்தபோது முழங்கையின் இரு பக்கமும் தகடு வைத்து ஆணி முடுக்கியிருந்தார்கள். கட்டு அவிழ்த்தபோது முழங்கை மடங்கியபடியே இறுகிப்போயிருந்தது.

"நீங்களாவே மடக்கி நீட்டுங்க சேர். பாரம் கட்டி இழுக்கப்படாது," என்றார் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி தந்த பெண்.

மனைவியின் அண்ணன், என் வயதுக்காரன், என்னோடு வலை வீசுகிறவன், வேறு கணக்குப் போட்டான். சுருண்ட வலையை நனைத்து ஆணியில் தொங்கவிட்டால், விளிம்பில் கோத்த ஈயமணிகளின் பாரம் அதை நேராக்கிவிடும்.

"கையும் அப்பிடித்தான் மச்சான். ஈர வலையத் தொங்கப் போடுவம்."

எனக்கும் அவசரம், தலையாட்டினேன். நாலு பின்னேரம் மணிக்கட்டில் வலை தொங்க வாசலில் இருந்தேன், நீர் சொட்டுவதைப் பார்த்தபடி, வட்டங்களைக் கனவு கண்டபடி. ஐந்தாம் நாள் முழங்கை வீங்கிச் சுட்டது. சில கிழமைகளுக்குப் பின் எடுத்த படத்தில், தசைக்குள்ளே மங்கலாகப் புது எலும்பு படர்ந்திருந்தது. பாரம் கட்டி இழுத்ததால் வந்த வினை என்று வைத்தியர் ஏசினார். வகுப்புப் பாகைமானியை வைத்து அளந்து பார்த்தேன். கை முழுதாக நீள முப்பது பாகை குறைந்தது.

மச்சான் மேல் எனக்குப் பொல்லாத கோபம். தலையாட்டியவன் நான் என்பது வசதியாக மறந்துபோயிற்று. மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனும் வலையைத் தொடவில்லை. வாசல் ஆணிகளில் தொங்கிய எங்கள் இருவரின் வலைகளிலும் சிலந்தி குடியேறியது.

ஒரு பின்னேரம் வாவி முழுக்க மஞ்சளாகி, வானம் எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"வாறியா?" என்றேன் மச்சானிடம்.

இரண்டு வலையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, என் மடங்கிய முழங்கையில் மடிப்பை அவனே தொங்கவிட்டான். எறிந்தேன். ஒரு பக்கம் கையிலேயே சிக்கிக்கொள்ள, வலை அரைவட்டமாக விழுந்தது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என்னாலதான் மச்சான்," என்றான்.

"மற்றப் பாதிக்கு உன்ட வலை கிடக்குதானே. எறி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எறிந்தான். மூன்று மாதம் வலை தொடாத கை. அவனுடையதும் கோணலாகத்தான் விழுந்தது.