பூவம்மாவின் கை ராசி

பூவம்மாவுக்குக் கை ராசி உண்டு என்பது சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். முருங்கைக் கொம்பு ஊன்றுவதானாலும் கறிவேப்பிலைக் கன்று வைப்பதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமையில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் அவள் தோட்டவேலை பார்த்தாள். அடுத்த பங்களாவில் நான் சமையல். வேலையோடு பின்கட்டில் ஓர் அறையும் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். புருஷன் வேலாயுதம் மூச்சிழுப்பு நோய்க்காரர், வேலைக்குப் போக முடியாது. அறை போனால் அவரை எங்கே படுக்க வைப்பது என்பதே அவளுக்கு ஓயாத கவலை. ஆர்க்கிட் பூச்செடி பட்டுப்போனதற்காக முந்தைய தோட்டக்காரரை வேலையை விட்டே அனுப்பியவள் அந்த வீட்டுத் துரைசானி.

துரைசானி கேமரன் மலையிலிருந்து தைம் என்றொரு செடியைக் கொண்டுவந்தாள். பொடிப்பொடி இலை, கசக்கினால் ஓமம் மாதிரி வாசனை. கோழி வாட்டும்போது போடுவார்களாம். குளிர் ஊர்ச் செடிக்கு நம்மூர்ப் புழுக்கம் ஆகுமா? மணல் கலந்த தொட்டியில், மழை படாமல் வராந்தாவில் வைத்தாள். ஒரு மாதம் பினாங்குக்குப் புறப்பட்டபோது, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று என்று மலாய் மொழியில் இரண்டு தரம் சொன்னாள்.

பூவம்மாவுக்கோ வாசனைச் செடி என்றால் துளசி மாதிரி. தினமும் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு ஒரு செம்பு ஊற்றிக் கும்பிட்ட பிறகுதான் கோப்பியே குடிப்பாள்.

"ஏண்டி, ஊத்தாதன்னுதானே சொல்லிட்டுப் போனாங்க?" என்றேன்.

"வாயில்லாத செடி, தாகத்துல கெடக்கட்டும்கிறீங்களா சரசக்கா? போங்க லா!"

அடித்தண்டு கறுத்தது. பயந்துபோய் அரிசி கழுவிய தண்ணீரையும் சேர்த்து ஊற்றினாள். எனக்கு வந்த எரிச்சலில் தொட்டியையே தூக்கிவந்துவிடலாம் போலிருந்தது. துரைசானி திரும்புவதற்குள் வேர் அழுகிவிட்டது.

தொட்டியை ஏந்திக்கொண்டு பூவம்மா துரைசானி முன்னால் போய் நின்றாள். துணைக்கு நானும் போனேன். துரைசானி பார்த்துவிட்டுச் சிரித்தாள். இந்த ஊரில் அது எப்படியும் சாகும், போகட்டும் என்றாள். பிறகு, துரைக்கு மாற்றல் வந்துவிட்டது, அடுத்த மாதம் சீமைக்குப் போகிறோம், நீங்களும் அறையைக் காலி செய்யவேண்டும் என்றாள்.

"மாத்தலாவது ஒண்ணாவது! செடியக் கொன்னவள எப்படிக்கா வச்சிருப்பாங்க? மரியாதைக்குச் சொல்றாங்க," என்று பூவம்மா அழுதாள்.

துரை வீட்டு மரப்பெட்டிகள் லாரியில் ஏறியதைக் கண்ணால் பார்த்தும் அவள் நம்பவில்லை. பஃபலோ ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இடம் கிடைத்தது. சுவரெல்லாம் ஈரம். வேலாயுதம் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. செடி பிழைத்திருந்தாலும் அறை போயிருக்குமடி என்று எத்தனையோ தடவை சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

அறுபத்தெட்டில் எனக்குத் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. காரிடாரில் வைக்கக் கறிவேப்பிலைக் கன்று வாங்கிவைத்து, நட்டுக்கொடுக்க அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். கன்றைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. இந்தக் கைதான் அவரைத் தெருவுக்குக் கொண்டாந்துச்சு. நீங்களே நட்டுக்குங்க."

நானே நட்டேன். தண்ணீராவது ஊற்று என்று செம்பை நீட்டினேன். அதையும் அவள் வாங்கவில்லை.