கையால் எழுதிய விலை

போன வருடம் நாங்கள் ஒரு புதுக் கார் வாங்கினோம். சின்ன வண்டி, வெள்ளை நிறம். சிதம்பரத்தில் எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எவ்வளவுக்கு முடிந்தது? நான் சொன்னதும் புருவத்தை உயர்த்தினார்கள். அந்தப் புருவங்களுக்காகவே முதல் வாரம் முழுக்க வாசலில் நின்று, துடைத்த வண்டியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த விலையை எப்படி வாங்கினேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது.

நான் முப்பத்துநாலு வருடம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தவன். குறிஞ்சிப்பாடி, ஸ்ரீமுஷ்ணம் என்று ஊர் ஊராகப் போய் ரசீதுகளைப் புரட்டுவதுதான் வேலை. வாய்ச்சொல்லை நம்பாதே என்பது அங்கே முதல் பாடம். யாராவது "செயலாளர் சொன்னாருங்க" என்று ஆரம்பித்தால், "எழுத்துல இருக்கா?" என்று கேட்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. மகளுக்கு வந்த முதல் வரனில், மாப்பிள்ளை வீட்டார் பேசியதை எல்லாம் எழுதித் தரச் சொன்னேன். அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மனைவி அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வேன்.

மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பஸ் படியில் யாராவது பின்னாலிருந்து தாங்கினால்தான் ஏற முடியும். ஸ்ரீமுஷ்ணம் போய்ப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் கார். சிதம்பரம் புறவழிச்சாலையில் இருக்கும் ஷோரூமுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

எங்களைக் கவனித்துக்கொண்டவர் முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண். தலையில் முக்காடு, கழுத்தில் அடையாள அட்டை. பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். மனைவி வண்டிக்குள் ஏறி உட்கார முயன்றபோது, சொல்லாமலே முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலுக்கு இடம் செய்து கொடுத்தார். மனைவிக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

"ஸ்ரீமுஷ்ணம் போவணும்மா எனக்கு. அதுக்குத்தான் இந்த வண்டி."

"மாசிமகத்துக்கு எங்க பக்கம் கிள்ளைக்கு வருவாரே, அந்த சாமிதானேம்மா? இன்ஷா அல்லா, அடுத்த மாசம் போயிட்டு வந்து எனக்கு பிரசாதம் குடுங்க."

"எத்தினி வருஷமா இங்க இருக்க?"

"வருஷமா? மூணாவது மாசம் ஓடுதும்மா. மூணு மாசம் டிரெய்னிங். இந்த மாசம் நாலு வண்டி வித்துச்சின்னா நெரந்தரம் பண்ணிடுவாங்க. மூணு ஆயிடுச்சு."

"அப்ப நாங்க நாலாவதா?"

"உங்க வாயால சொல்லிட்டீங்க, போதும்."

இருவரும் சிரித்தார்கள். கணவர் துபாயில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகு கெட்டு ஊர் திரும்பிவிட்டார் என்பதையும் மனைவிதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

விலைப் பட்டியலில் தள்ளுபடி பதினைந்தாயிரம் என்று அச்சாகியிருந்தது. நான் பேரத்தை ஆரம்பித்தேன். இரண்டு முறை எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். கடைசியில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், முப்பத்திரண்டு வரைக்கும் நான் வாங்கித் தர்றேன். என் இன்சென்டிவையும் அதுல போட்டுடறேன். ஆனா இப்ப இல்ல. மாசக் கடைசில டார்கெட் நேரம். அப்ப மேல பேசினாதான் நடக்கும்."

"எழுதிக் குடும்மா."

"கையால எழுதக் கூடாதுன்னு ரூல் சார்."

"எழுத்துல இல்லாதது எனக்கு கணக்குலயே வராது."

மனைவி என் முழங்கையைத் தட்டினாள். "வுடுங்களேன். அந்தப் பொண்ணு சொன்னா போதாதா?"

நான் விடவில்லை. அவர் ஒரு நிமிடம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அச்சடித்த எண்ணை அடித்துவிட்டு, கீழே முப்பத்திரண்டாயிரம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். தாளை மடித்துக் கொடுக்கும்போது, "யார்ட்டயும் காட்டிடாதீங்க சார். அதுக்குள்ள தெரிஞ்சா எனக்குத்தான் சிக்கல்" என்றார்.

"காட்ட மாட்டேன்" என்று சொன்னேன். இதை மட்டும் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

என் மனைவியின் தம்பி கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறான். ஹார்டுவேர் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, பேச ஆள் தேடிக்கொண்டிருப்பவன். மாதக் கடைசியில் வேறொரு வேலையாகக் கடலூர் போன நான், எழுதி வாங்கிய விலையை அவனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, ஊரு கணக்கெல்லாம் பாத்தீங்க, உங்க கணக்குல கோட்ட வுட்டீங்களே. பிராஞ்ச்ல முப்பத்திரண்டுன்னா இங்க மெயின்ல நாப்பது நிக்கும். கெளம்புங்க."

"அது சரியா வருமா மச்சான்? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சொல்லிட்டு வந்தீங்களா, தாலி கட்டிட்டு வந்தீங்களா?"

இரண்டு ஷோரூமுக்கும் ஒரே முதலாளி. விலைப் பட்டியலின் தலைப்பிலேயே இரண்டு ஊர் முகவரியும் இருந்தது. அந்த வரிகளைப் படிக்காமல் விடுகிறவன் அல்ல நான். ஒரே முதலாளி என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

கடலூர் ஷோரூமின் மேலாளர் நல்ல மரியாதைக்காரர். டீ வரவழைத்தார். ஆனால் இருபதுக்கு மேல் நகரவில்லை.

"இருபதே ஜாஸ்தி சார். நம்புங்க."

மேஜைக்கடியில் மச்சான் என் காலை மிதித்தான். "அந்தத் தாள எடுங்க மாமா."

பழியை அவன் மேல் போடுவது சுலபம். பல நாள் மனதுக்குள் அப்படித்தான் போட்டுவைத்திருந்தேன். ஆனால் தாளை வீட்டில் வைக்காமல் பையில் போட்டுக்கொண்டு கடலூர் வந்தவன் நான்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்து, பிரித்து, எழுத்து மேலாளருக்கு நேராகத் தெரியும்படி திருப்பி வைத்தேன். முப்பத்துநாலு வருடம் செயலாளர்கள் முன்னால் ஆதாரத்தை வைத்த அதே கையால்.

மேலாளர் ஒரு தரம் படித்தார். சிரித்தார். "பரவால்லியே, நம்ம பிராஞ்ச்ல கையால எழுதிக் குடுத்தெல்லாம் ஆள் புடிக்கறாங்களா? ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன் சார்" என்று தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். இயந்திரம் பத்தடி தூரத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அப்போது என் கைபேசி அடித்தது. அந்தப் பெண்ணின் எண்ணை 'பரங்கிப்பேட்டை கார்' என்று பதிந்து வைத்திருந்தேன்.

"சார், ஓகே ஆயிடுச்சு சார்! மேல பேசிட்டேன், முப்பத்திரண்டுக்கு கையெழுத்து ஆயிடுச்சு. நாளைக்கு வெள்ளிக்கெழம, நல்ல நாளு. அம்மாவ கூட்டிகிட்டு வாங்க, புக்கிங் போட்டுடலாம்."

தடுப்புக்கு அப்பால் மேலாளர் இயந்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நாலு எட்டு வைத்து, "அது வேண்டாங்க, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மச்சான் கேலி செய்திருப்பான், அவ்வளவுதான்.

"இன்னும் முடிவு பண்ணலம்மா. யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

"சரி சார், பொறுமையா சொல்லுங்க. நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் வச்சிருக்கேன்."

மேலாளர் திரும்பி வந்து மூலத் தாளை என்னிடம் நீட்டினார். "அவுங்க முப்பத்திரண்டுன்னா நான் முப்பத்தஞ்சு தர்றேன் சார். மேட்டு, சீட் கவர் ஃப்ரீ. பில்லு மட்டும் இங்க போடணும்." மாதக் கடைசியில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் விற்பனை எண்ணிக்கையில் போட்டி இருந்திருக்க வேண்டும். ஏன் தருகிறார் என்பது எனக்குத் தேவைப்படவில்லை. மூவாயிரம் ரூபாயும் நாலு கால்மிதியும் எனக்குப் போதுமானதாக இருந்தன. முன்பணத்தைக் கட்டிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் மச்சான் என் முதுகில் தட்டி, "இது மாமா!" என்றான். சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி முழுக்க எனக்குள் சந்தோஷமாகவே இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மனைவியிடம் கடலூரில் முடித்துவிட்டதாகச் சொன்னேன். அவள் வருத்தப்பட்டாள். "அந்தப் பொண்ணு பாவம் இல்லியா?" என்றாள். "ஒரே கம்பெனிதான். அவளுக்கும் கணக்குல சேந்துடும்" என்று பொய் சொன்னேன். தணிக்கைக்காரன் சொன்னதால் அவள் நம்பினாள். வண்டி எடுத்த நாளில் கடலூரில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் என் முகம் வெற்றி பெற்றவன் முகம்.

ஒரு மாதம் கழித்து, முதல் இலவச சர்வீசுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று சிதம்பரம் ஷோரூமுக்கே போனேன். அந்தப் பெண்ணின் மேஜையில் வேறு ஒருவர் இருந்தார். வாசலில் காவலாளியிடம் கேட்டேன்.

"அந்த பரங்கிப்பேட்டை அம்மாவா? அவுங்கள நிறுத்திட்டாங்க சார். கையால வெல எழுதிக் குடுத்தாங்கன்னு கடலூர்லேருந்து ஜெராக்ஸ் வந்துச்சு. யாரோ கஸ்டமரு, நல்ல மனுசன் மாரி பேசிட்டு போய் போட்டுக் குடுத்துட்டான். அதுக்கு மேல நாலாவது வண்டியும் ஓடல."

உள்ளே போய்க் கிளை மேலாளரிடம், நான்தான் வற்புறுத்தி எழுத வைத்தேன் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கணினித் திரைக்குத் திரும்பிக்கொண்டார். "ரூலு ரூலுதான சார். உங்களுக்கு வண்டி வந்துடுச்சு இல்ல? வுடுங்க."

காவலாளியிடம் தெரு அடையாளம் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். பஸ்ஸில் போயிருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு போய், பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்தில், அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன்.

திறந்தவர் கணவர். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். நான் ஷோரூமில் அவர் மனைவியைப் பார்த்தவன் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க வாங்க, உக்காருங்க. இது அவ வித்த வண்டியா? கடைசி மாசம் மூணு வித்தா. அதுல ஒன்னா?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அந்த மனிதர் வாசலுக்குப் போய் வண்டியைக் குனிந்து பார்த்து, சந்தோஷமாகத் திரும்பியபோது, நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

"வண்டி எடுத்தவங்க யாரும் இப்பிடி வந்து பாத்ததில்ல. பாத்தியா, உன் கஸ்டமரு வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அந்தப் பெண் டீயோடு வந்தார். கணவர் சொன்னது காதில் விழுந்திருக்கும். என்னைப் பார்த்தார், திறந்திருந்த கதவு வழியாக வண்டியைப் பார்த்தார். டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"அம்மாவுக்கு முட்டி எப்பிடி இருக்கு சார்?"

"பரவால்லம்மா. ஸ்ரீமுஷ்ணம் போயிட்டு வந்தோம்."

"நல்லது."

கணவர் எதையோ எடுக்க உள்ளே போன நேரத்தில், "அம்மா, அந்தத் தாள..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றார் மெதுவாக. "வேலை போனது அவருக்கு தெரியும். எப்பிடின்னு தெரியாது. நீங்க ஒன்னும் சொல்லாதீங்க. டீ ஆறிடும்."

குடித்தேன். அதற்குள் சந்தின் முனையில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தார்.

"வண்டிய எடுத்துடுங்க சார். புள்ளைங்க ஸ்கூல் ஆட்டோ. உங்க வண்டி நின்னா உள்ள வர முடியாது."

சந்தில் திருப்ப இடமில்லை. பின்னோக்கித்தான் வர வேண்டியிருந்தது. அந்தக் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபடியே எனக்கு வழி காட்டினார். "வாங்க, வாங்க, ரைட்ல ஒடிங்க, பாத்து, செவுத்துல கீறிடப் போவுது, புது வண்டி." அவர் மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். சாலைக்கு வந்ததும் கணவர் என் பக்கக் கதவருகே வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று கையை உயர்த்தினார். கண்ணாடியை இறக்கி, இது உங்கள் மனைவி விற்ற வண்டி அல்ல என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார் என்பது எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது. நானும் கையை உயர்த்திவிட்டு வந்துவிட்டேன்.