தீபாவளி கழித்து ஒட்டிய நோட்டீஸ்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் எழுதுபொருள் கடையில் நின்றிருந்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ செயல்திட்டமாம். கறுப்பு மார்க்கர் இரண்டு, அதுவும் தடித்த முனையாகப் பார்த்து வாங்கி வரவேண்டும் என்று எனக்கு உத்தரவு. மை காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கடைக்காரப் பெண் மூடியைத் திறந்து ஓர் அட்டையில் கிறுக்கிக் காட்டினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், இரண்டடி பின்னால் நகர்ந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். என் முகம் மாறியதைப் பார்த்து, உட்காருங்க ஆன்டி என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மார்க்கர் வாடைக்கு மயக்கம் வருகிற ஆன்டியை அவள் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள், பாவம்.

அந்த வாடையோடு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அப்போது எங்கள் வீடு கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய ஐந்து மாடி ஃப்ளாட்டில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருந்த என்னை எங்கள் வட்டாரக் கவுன்சிலரின் சேவை மையத்தில் அப்பா கொண்டுபோய்த் தள்ளினார். கவுன்சிலரை எல்லாரும் அண்ணன் என்பார்கள். நகராண்மைக் கழகத்திலிருந்து, எங்கள் ஆட்கள் பேச்சில் மஜ்லிஸிலிருந்து, அவருக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வரும். எல்லாம் மலாய். அதுவும் பாசாரில் மீனுக்குப் பேரம் பேசுகிற மலாய் இல்லை. மூன்றாம் மாடி மலாய்க்கார ஆன்டியே என்னை நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற மலாய். அதைப் படித்து, எங்கள் ஃப்ளாட்டுக்கு அதில் என்ன சேதி என்று நாலு வரியில் தமிழில் கறுப்பு மார்க்கரால் எழுதி ஒட்டுவது என் வேலை.

காகிதத்துக்கு அம்மாவிடம் கை நீட்டுவேன். மளிகைக் கடையில் கொடுக்கிற பெரிய நாள்காட்டியின் பழைய தாள்களை அவர் சேர்த்து வைத்திருப்பார். முன்பக்கம் கொட்டை எழுத்தில் தேதிகள், பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். மைதா மாவில் பசை காய்ச்சி, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்ப்பேன். சிரிக்காதீர்கள், எனக்கு ஒரு பத்திரிகையே நடத்துகிற நினைப்பு. குப்பை லோரி வருகிற நாள் மாறியபோது, "இனி செவ்வாய், வெள்ளி மட்டும். திங்கட்கிழமையே கொண்டுவந்து வைப்பவர்கள் மறுநாள் வரை பக்கத்திலேயே காவல் இருக்கவும்" என்று எழுதினேன். படித்தவர்கள் சிரித்தார்கள், குப்பையும் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. பிள்ளைகள் எனக்கு நோட்டீஸ் அக்கா என்று பெயர் வைத்தார்கள். கல்யாண வீடுகளில்கூட என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள். எனக்கு வரன் தட்டிப் போனதெல்லாம் அதனால்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

எழுதத் தெரிந்தால் போதாது, எப்போது ஒட்டுவது என்றும் தெரியவேண்டும் என்பதை ஒரு பொங்கலின்போது புரிந்துகொண்டேன். தரைத்தளத்து வீடுகளில் நீட்டிக் கட்டிய கூரைகளை இடிக்க ஆள் வரும் என்ற அறிவிப்பைப் பொங்கலுக்கு முந்தின நாள் ஒட்டியிருந்தேன். பக்கத்து பிளாக் அங்கிள் ஒருவர் எல்லார் முன்னாலும் அதைக் கிழித்து, மடித்து, என் கையில் கொடுத்தார். "நல்ல நாளும் அதுவுமா இத படிச்சிட்டா பால் பொங்க வைக்கணும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம் வீடுகளில் அப்படித்தானே? கல்யாணத்தன்று சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தால் தாலி ஏறுகிற வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்றிலிருந்து பண்டிகை, விசேஷம் என்று எது வந்தாலும் கெட்ட சேதியை இரண்டு நாள் கோப்புக்குள் வைத்துவிடுவேன். இந்தப் பொண்ணுக்கு நேரம் காலம் தெரியுது என்று அதே அங்கிள் அப்பாவிடம் சொன்னாராம். கேட்டு அப்படியே குளிர்ந்துபோனேன்.

மைதாப் பசையை நினைத்தால் அடுத்ததாக ருக்குமணி அக்காவின் எண்ணெய்ச் சட்டி வாடை வந்துவிடும். தரைத்தளத்தில் கடைசி வீடு அவருடையது. அந்த வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு திறந்த திடல். அக்கா கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவர். தமிழ் தடங்கல் இல்லாமல் படிப்பார். மலாய் பேசுவார், ஆனால் படிக்கச் சொன்னால் கண்ணாடி இல்லை என்பார். கண்ணாடி நெற்றியில் இருக்கும். கணவர் முனியாண்டி அங்கிள் துறைமுகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சிமெண்ட் மூட்டை இறக்கியவர். நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் அஞ்சாவது வார்த்தைக்குப் போவார். திடல் பக்கத்து ஜன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி. சாயங்காலக் கடற்காற்று திடலைத் தாண்டி நேராக அந்த ஜன்னலுக்குத்தான் வரும். ஆஸ்பத்திரி மருந்து பாதி, இந்த ஜன்னல் பாதி என்று அக்கா சொல்வார்.

அந்த வருஷம் தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தின வியாழனன்று அண்ணன் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். திடலைக் கண்டெய்னர் லோரிகள் நிறுத்துகிற இடமாக்க யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள். ஆட்சேபம் உள்ள அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "திடல ஒட்டி வீடு இருக்கிறவங்க எழுதுனாத்தான் எடுபடும். இன்னிக்கே ஒட்டிரும்மா," என்றார். சரிண்ணே என்றேன். அவர் தீபாவளிக்கு ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

மஜ்லிஸ் தன் பங்குக்குத் திடலோரம் மலாயில் ஓர் அறிவிப்புப் பலகையும் நட்டுவைத்திருந்தது. எங்கள் ஆட்களில் ஒருவரும் நின்று அதைப் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? முக்கியமாக இருந்தால் நோட்டீஸ் அக்கா எழுதும் என்று தாண்டிப் போனார்கள். இரண்டு வருஷம் பசை காய்ச்சிக் காய்ச்சி அந்த நம்பிக்கையை உண்டாக்கியவள் நானேதான்.

அன்று சாயங்காலமே தாளில் எழுதிவிட்டேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினால் ஃப்ளாட் முழுக்கத் தீபாவளி. ஒரு பக்கம் விளக்குச் சரம் கட்டுகிறார்கள், ஒரு பக்கம் கம்பளத்தை உதறுகிறார்கள். ருக்குமணி அக்கா வாசலில் அடுப்பைப் போட்டு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். வருஷத்தில் அவருக்குப் பெரிய வாரம் அதுதான், எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வரும். அங்கிள் ஜன்னலோரம் உட்கார்ந்து டின்களுக்கு ஒவ்வொன்றாக மூடி போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார்கூட. அந்த ஜன்னலுக்கு வெளியே லோரி வரப்போகிறது என்று அந்த நேரத்தில் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. புதன்கிழமை ஒட்டினால் வெள்ளி வரை மூன்று நாள் இருக்கிறதே, ஒரு கடிதம் எழுத மூன்று நாள் போதாதா என்று கணக்குப் போட்டேன்.

அக்கா அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மஜ்லிஸ்லேர்ந்து ஏதாச்சும் வந்துருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லக்கா."

சரி என்று அடுத்த முறுக்கைப் பிழியத் திரும்பினார். நான் கிளம்பும்போது உடைந்ததாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொடுத்தார். படியேறும்போதே பாதியைத் தின்றுவிட்டேன். நல்ல முறுக்கு. வெட்கத்தை விட்டு இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

புதன்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக ஒட்டினேன். படிக்க ஆள் வேண்டுமே! தீபாவளிக்கு மறுநாள் எந்தத் தமிழன் வீட்டில் இருக்கிறான்? மாடிக்கு மாடி பூட்டு தொங்கியது. ருக்குமணி அக்காவும் அங்கிளும் செலாயாங்கில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வருஷா வருஷம் போகிறவர்கள், எனக்குத் தெரியாத விஷயமா அது? வியாழக்கிழமை போட்ட கணக்கில் அது மட்டும் வரவே இல்லை. மகனின் போன் நம்பர் கேட்டு ஐந்து மாடியும் ஏறி இறங்கினேன், யாரிடமும் இல்லை.

கதவைத் தட்டித் தட்டி வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது கடிதம் சேர்ந்தது. பாதி வாடகைக்கு இருப்பவர்கள் எழுதியது. அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் மஜ்லிஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கவுண்டர் மூடிவிட்டார்கள். திரும்பத் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். கவுண்டர் பெண் கடிதங்களைப் புரட்டிவிட்டு, திடலை ஒட்டிய கடைசி வீட்டுக்காரர் எழுதவில்லையா என்று கேட்டார். திங்கட்கிழமை கொண்டுவரட்டுமா என்று கெஞ்சினேன். இன்றோடு சரி என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா திரும்பி வந்தார். கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவர் முன்னால் நின்று படித்தார். முடித்துவிட்டுத் தேதியை மறுபடியும் பார்த்தார். நான் ஓடிப்போய், போன வார வியாழனே வந்துவிட்டது, நல்ல நாளில் உங்கள் மனசு கஷ்டப்படுமே என்று வைத்திருந்தேன் என்று உளறிக்கொட்டினேன். திட்டுவார், இல்லை அழுவார், இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"சொல்லியிருந்தா அடுப்ப அணைச்சிட்டு வந்து கையெழுத்து போட்டிருப்பேன்லம்மா," என்றார். "அஞ்சு நிமிஷம். அப்புறம் போயி மிச்ச முறுக்க சுட்டிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கெட்ட சேதி கேட்டால் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார் என்று நானாக முடிவு கட்டியிருந்தேனே, யாரைப் பற்றி? தோட்டத்தை விட்டு ஒரு பெட்டியோடு கிளம்பி வந்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கி, மூச்சு விட முடியாத மனுஷனை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்பிள்ளையைப் பற்றி. அவருக்குத் தீபாவளி கெடக்கூடாது என்று கவலைப்பட்டவள் நான்!

லோரிகள் வந்தன. விடியற்காலையில் இன்ஜினைப் போட்டால் ஏழு மணி வரை உறுமிக்கொண்டிருக்கும். அக்கா ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழந்துணியைச் செருகினார். அங்கிளின் நாற்காலி சமையலறைக்குப் போனது. இரண்டு தடவை ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. அக்கா என்னோடு பேசாமல் இருக்கவில்லை, டீகூடப் போட்டுக் கொடுத்தார். ஆனால் மாதம் ஒரு நாள் மூன்றாம் மாடி ஆன்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, மஜ்லிஸில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தானே பார்த்துவர ஆரம்பித்தார். மற்றவர்களும் என் தாளைப் படித்துவிட்டு, வேற ஏதும் உள்ள வச்சிருக்கியா லா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். தமாஷுக்குத்தான் கேட்டார்கள். அடுத்த தீபாவளி வருவதற்குள் நான் வேலையை விட்டுவிட்டேன்.

அதற்கு மறு வருஷம் அவர்கள் செலாயாங்குக்கே போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற அன்று உதவிக்குப் போனேன். அங்கிள் காரில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். போய் நாலு மாதத்தில் இறந்துவிட்டார். எனக்கு அது பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவர் இறந்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டுச் செலாயாங்குக்கு ஓடினேன். ருக்குமணி அக்கா கதவைத் திறந்தார். எனக்கு யாருமே சொல்லவில்லை அக்கா என்று வாசலிலேயே அழுதேன்.

"நான்தாம்மா சொல்ல வேணாம்னேன்," என்றார். "நல்ல காரியம் நடக்கிற நேரத்துல உனக்கு எதுக்குன்னு."

அவர் அதைப் பாசத்தில்தான் சொன்னார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் சுபாங் ஜெயாவில் இருக்கிறேன். மஜ்லிஸ் அறிவிப்பெல்லாம் போனுக்கே வந்துவிடுகிறது. தீபாவளி காலையில் வரும், சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வரும், யாருக்காகவும் எதுவும் காத்திருப்பதில்லை. நல்லதுதான். கிள்ளான் ஃப்ளாட்டில் அந்தச் சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், தபால் பெட்டிகளைக்கூடக் காணவில்லை. அக்காவும் மகனும் செலாயாங்கை விட்டு எங்கோ மாறிப்போனார்கள், விசாரித்தும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் நிச்சயதார்த்தப் புடவையை மாற்றிவிட்டு ஓடிப்போயிருப்பேன். அங்கிளின் முகத்தைப் பார்க்க எனக்கும் ஐந்து நிமிஷம் போதுமாக இருந்திருக்கும்.